முப்பத்தேழாம் கேள்வி

கணக்கு வாத்தியாருக்குத் தன் வேலை பிடித்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த முகம் கடுகடுவென்றே இருந்து பழகிவிட்டது. பிள்ளைகள் அவருக்கு 'கழித்தல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆசிரியர் அறையில் யாரோடும் ஒட்ட மாட்டார். நாலு பேர் சேர்ந்து சிரித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நாளை மறுநாள் வரப்போகிற கவலையை இன்றைக்கே வரவழைத்து உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கிற சுபாவம். இத்தனையும் இருந்தும், பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் மனிதருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவும். அந்தப் பிள்ளைகளை எட்டாம் வகுப்பிலிருந்து அவர்தான் இழுத்து வந்திருக்கிறார். அந்தக் குளிர்ச்சியைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

பிறகு கேட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

கூரை ஒழுகுகிறது, ஒரு வகுப்பில் அறுபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்று ஆசிரியர்கள் வருடக்கணக்காக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்வித் துறை அந்த மனுக்களையெல்லாம் ஒரே மேசையில் பரப்பி ஆழமாகப் படித்தது. எல்லா மனுக்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது: எழுதியவர்கள் அத்தனை பேரும் ஆசிரியர்கள். ஆகவே கோளாறு கூரையில் இல்லை, ஆசிரியரின் ஆளுமையில்தான் என்று முடிவாயிற்று. எந்த ஆளுமை உள்ள ஆசிரியர் திருப்தியாக இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களுக்கும் அதே ஆளுமையை ஏற்பாடு செய்துவிடலாம். கூரைமேல் யாரும் ஏற வேண்டியதில்லை. இதற்காகத் துறைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் 'மனநிறைவுப் பிரிவு' என்று ஒன்றைத் திறந்து, வாழ்நாளில் ஒரு வகுப்பைக்கூட எதிர்கொள்ளாத பதினாறு பேரை அதில் உட்காரவைத்தார்கள். கூட்டிப்பெருக்க வந்த அம்மாள் ஒருத்திதான் சாக்பீஸைத் தொட்டவர், அதுவும் பொறுக்கிப் போடுவதற்காக.

பதினாறு பேரும் சேர்ந்து தொண்ணூற்றாறு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தயாரித்து அனுப்பினார்கள். முதல் அறுபது ஆளுமை, மீதி திருப்தி.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள எல்லாருடைய திருப்தியும் போய்ச் சேரணுமாம்" என்று தலைமையாசிரியை படிவக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டபோது வெள்ளிக்கிழமை மணி இரண்டரை.

அன்றைக்கு மழை. மைதானம் சேறாகிக் கிடந்ததால் பி.டி. மாஸ்டருக்கு மட்டும் வேலையில்லை. வாட்டசாட்டமான ஆள், எப்போதும் சிரித்த முகம், வாசலில் வரும்போதே குரல் வந்துவிடும். நின்றபடியே ஒரு படிவத்தை எடுத்துப் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டார். தலைமையாசிரியை அதை வாங்கி அறிவிப்புப் பலகையில் நாலு மூலையிலும் ஊசி குத்தி, மேலே சிவப்பில் 'மாதிரி' என்று எழுதினார்.

"யாரும் யோசிச்சு நேரத்தை வீணாக்காதீங்க. பார்த்து எழுதுங்க."

ஆசிரியர்கள் வரிசையில் நின்று பார்த்து எழுதினார்கள். காப்பி அடித்த குற்றத்துக்காக அன்று காலைதான் ஏழு பிள்ளைகளுக்கு முட்டை போட்டிருந்த வரலாறு டீச்சர், அந்த விடைத்தாள் கட்டையே அட்டையாக வைத்துக்கொண்டு எழுதினார். மற்றப் பள்ளிகளிலிருந்து தலைமையாசிரியர்கள் போன் போட்டு, என்ன எழுதுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்தார்கள். தலைமையாசிரியை பலகையைப் படம் எடுத்து அனுப்பினார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். நாலு மணி அடிப்பதற்குள் மாவட்டம் முழுக்க பி.டி. மாஸ்டராகிவிட்டது.

கணக்கு வாத்தியார் பலகையைக் கிட்டப்போய்ப் பார்த்தார். முப்பத்தேழாம் கேள்வி: 'காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது என் மனம் மகிழ்ச்சியாக இருக்கும்.' அதில் 'ஆம்' என்பதிலும் டிக், 'இல்லை' என்பதிலும் டிக்.

"மாஸ்டர், இதுல ரெண்டுத்துலயும் போட்டிருக்கீங்க."

"அதுவா சார்" என்று பி.டி. மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "முதல்ல ஆமாம்னு போட்டேன். அப்புறம் கொஞ்சம் யோசிச்சேன். இல்லைன்னும் போட்டேன். பேனாவில போட்டதை எப்படி அழிக்கிறது? அதுக்கப்புறம் எந்தக் கேள்விக்கும் யோசிக்கவே இல்ல."

கணக்கு வாத்தியார் மேசைமேல் குவிந்திருந்த படிவங்களைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் முப்பத்தேழில் இரண்டு டிக். காப்பியைக் கண்டுபிடிக்கச் சரியான விடையைப் பார்த்துப் பயனில்லை, தப்பைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவருடைய இருபத்திரண்டு வருடப் பாடம். அவருக்கு அருவருப்பாக இருந்தது. தன் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். திங்கட்கிழமை தருகிறேன் என்றார்.

அவருடைய மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவர். சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள்.

"'எனக்கு எளிதில் கோபம் வரும்'" என்று கணக்கு வாத்தியார் வாசித்தார்.

"ஆமாம்னு போடுங்க. இதுக்கெல்லாம் என்ன யோசனை?"

"'புதியவர்களோடு கலகலப்பாகப் பழகுவேன்.'"

"கல்யாணத்தன்னிக்கு எங்க அக்கா உங்களைப் பார்த்துட்டு மாப்பிள்ளைக்குப் பல்வலியான்னு கேட்டா. இல்லைன்னு போடுங்க."

இப்படி உள்ளது உள்ளபடி போட்டுக்கொண்டே வந்தவர் முப்பத்தேழில் நின்றார். கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். எட்டாம் வகுப்பில் எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டுச் சமன்பாடு எழுதிக் காட்டியதும் தேம்பி அழுதவள். இப்போது பாடத்தில் இல்லாத கணக்கைக் கொண்டுவந்து, "இது வேற வழியிலயும் வருது சார்" என்கிறாள். கணக்கு வாத்தியார் 'ஆம்' என்று ஒரே ஒரு டிக் போட்டார், பேனா காகிதத்தில் பதியும்படி. திருப்திக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் 'முழுத் திருப்தி'.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. 'தங்கள் ஆளுமை மதிப்பெண் நூற்றுக்குப் பதினொன்று. தங்கள் திருப்தி மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இவை இரண்டும் ஒரே நபரிடம் இருக்க இயலாது என ஆய்வில் நிறுவப்பட்டுள்ளது. எனவே இரண்டில் ஒன்றைத் தாங்கள் உடனடியாகத் திருத்திக்கொள்ள வேண்டும். தவறினால் தேர்வு வகுப்புகளிலிருந்து விடுவிக்கப்பட்டுப் பாடநூல் கிடங்குக்கு மாற்றப்படுவீர்கள்.'

பொதுத்தேர்வுக்கு நாலு மாதம் இருந்தது. கணக்கு வாத்தியார் கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனார்.

"எதையாவது ஒண்ணை மாத்திக் கொடுத்துடுங்க சார்" என்று தலைமையாசிரியை கெஞ்சினார். "ஆளுமையை மாத்தறது கஷ்டம்னா திருப்தியையாவது குறைச்சுக்கோங்க. எனக்காக."

கணக்கு வாத்தியார் மூன்றாவது மாடிக்குப் போனார். திருப்தி அலுவலர் என்று பெயர்ப்பலகை வைத்த ஒருவர் அவரை உட்காரச் சொல்லி, கனிவாக, நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீங்க திருப்தியா இல்ல சார். அது உங்களுக்குத் தெரியல."

"திருப்தியாத்தான் சார் இருக்கேன்."

"அப்போ உங்களுக்குக் கூட்டம் பிடிக்கும். பிடிக்காதுன்னு நீங்களா நினைச்சுக்கிட்டிருக்கீங்க. எந்தப் பக்கம் வந்தாலும் எங்களுக்குச் சம்மதம். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தற ஆளுங்க இல்ல."

அவர் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார். மேல் மூலையில் கறுப்பாக ஒரு பெரிய புள்ளி. நாலாயிரத்து இருநூற்றாறு ஆசிரியர்களும் அந்த ஒரே இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புள்ளி வழியாகக் கீழிருந்து மேலே கம்பீரமாக ஒரு கோடு போயிற்று. ஆளுமை ஏற ஏறத் திருப்தியும் ஏறும் என்பது அதன் பொருள். எங்கோ இடது பக்கத்தில் ஒற்றையாக ஒரு சிவப்புப் புள்ளி.

"அந்தச் சிவப்பு நீங்கதான். கோட்டுமேல வந்து உக்காருங்கன்னுதான் கேக்கறோம்."

கணக்கு வாத்தியார் எழுந்துபோய் வரைபடத்தைப் பார்த்தார். "சார், ஒரு புள்ளி வழியா எந்தப் பக்கம் வேணும்னாலும் கோடு போடலாம். இது எட்டாம் வகுப்புப் பாடம். நீங்க ஏன் இந்தப் பக்கம் போட்டீங்க?"

"இந்தப் பக்கம் போட்டாத்தானே நல்லா இருக்கு" என்றார் அலுவலர், சுத்தமான மனதோடு.

"என் புள்ளியையும் சேர்த்தா ரெண்டு புள்ளி ஆகும். அப்பதான் சார் ஒரே ஒரு கோடு வரும். ஆனா அது வேற பக்கம் சாயும்."

"அதைத்தான் சார் நாங்களும் சொல்றோம். உங்களாலதான் கோடு கெட்டுப்போகுது."

அடுத்தது, பயிற்சி முகாம். மூன்று நாள். மாவட்டத்திலேயே பொருத்தமில்லாத ஆள் அவர் ஒருவர்தான் என்பதால் பயிற்சி பெறுபவர் ஒருவர், பயிற்சியாளர்கள் நால்வர். முதல் நாள் காலை, அடிவயிற்றிலிருந்து சிரிக்கச் சொன்னார்கள். பிறகு, எல்லோரும் ஐந்தைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள் என்றார் தலைமைப் பயிற்சியாளர். கணக்கு வாத்தியார் நின்ற இடத்திலேயே நின்றார். 'குழுவாகப் பிரிவதில் தயக்கம்' என்று நால்வரும் குறித்துக்கொண்டார்கள். மத்தியானம், பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடித்து அவருடைய நல்ல குணங்களைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் தண்ணீர்க் குடம்தான் இருந்தது. குளிர்ச்சியாக இருக்கிறது, யாரையும் கேள்வி கேட்பதில்லை என்று அவர் அதைப் பற்றிச் சொன்ன இரண்டும் உண்மை. அந்த ஒரு பயிற்சியில் மட்டும் அவருக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு அந்த மூன்று நாளும் கணக்குப் பாடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்ததும் வகுப்பில் இரண்டு பார்வையாளர்கள் பின்னால் உட்கார்ந்து, நிமிடத்துக்கு எத்தனை புன்னகை என்று எண்ண ஆரம்பித்தார்கள். குறைந்தது மூன்று வேண்டுமாம். கணக்கு வாத்தியார் பலகையில் சூத்திரத்தை எழுதிவிட்டுத் திரும்பி, பல்லைக் காட்டினார். வகுப்பு வெலவெலத்துப் போயிற்று. கடைசி பெஞ்சுக்காரி மெதுவாக எழுந்தாள்.

"சார், ஏதாவது கெட்ட செய்தியா?"

"ஒண்ணுமில்ல. உக்காரு."

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல சார்?"

அவர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுதிக்கொண்டிருந்த கணக்கில் அடுத்த வரி என்ன என்று அவருக்கு மறந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஆனதில்லை. வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு பேரையும் தூக்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும்போல் இருந்தது. திரும்பி இன்னொரு முறை சிரித்தார்.

மாத முடிவில் ஆய்வு முடிவுகளை வெளியிடும் விழா. மாவட்டத்து ஆசிரியர்கள் எல்லோரையும் பள்ளியை மூடிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். மேடையில் மனநிறைவுப் பிரிவின் இயக்குநர் எழுந்தார். போன வருடம்வரை மீன்வளத் துறையில் இருந்தவர்.

"ஆசிரியப் பெருமக்களே, மீன் என்றைக்காவது மனுக் கொடுத்திருக்கிறதா? இருபது வருடம் நான் மீன்களோடு இருந்தேன். ஒரு மனு வந்ததில்லை. காரணம், ஆளுமை. உங்களையும் அந்த உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே என் கனவு."

கை தட்டினார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இப்போது ஒரு பெரிய கண்டுபிடிப்பு. முப்பத்தேழாம் கேள்விக்கு நாலாயிரத்து இருநூற்றாறு பேர் 'ஆம்' என்றும் சொல்லியிருக்கிறீர்கள், 'இல்லை' என்றும் சொல்லியிருக்கிறீர்கள். உலகத்தில் எந்த ஆய்வாளரும் இதுவரை கண்டிராத பண்பு. இதற்கு 'ஈருள்ளம்' என்று பெயர் சூட்டியிருக்கிறேன். திருப்திக்கு வேர் இதுதான். ஈருள்ளம் இல்லாத ஒரே ஒரு ஆசிரியர்தான் மாவட்டத்தில் மிச்சம்."

கணக்கு வாத்தியாருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கூட்டம் பிடிக்காதவர், நாலாயிரம் பேருக்கு நடுவில் எழுந்து நின்றார்.

"சார், அது காப்பி."

பக்கத்தில் இருந்த தலைமையாசிரியை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எல்லாரும் ஒரே தாளைப் பார்த்து எழுதினாங்க. அந்தத் தாள்ல தப்பா விழுந்த டிக் அது. நீங்க அளந்தது நாலாயிரம் பேரை இல்ல. ஒரே ஒரு ஆளை, நாலாயிரம் தடவை."

இயக்குநர் கோபப்படவில்லை. பாசத்தோடு சிரித்தார். "சார், ஒருத்தர் காப்பி அடிச்சா தப்பு. ரெண்டு பேர் அடிச்சா தப்பு. நாலாயிரம் பேர் அடிச்சா அதுக்குப் பேர் ஒற்றுமை. சொன்னதைச் சொன்னபடி, கேள்வி கேக்காம, தப்பு உள்பட எழுதியிருக்காங்க பாருங்க, இதைவிடத் திருப்தியான ஊழியரை நான் எங்கே போய்த் தேடுவேன்? சரி, அந்த முதல் தாளை எழுதினவர் யாரு?"

பின் வரிசையிலிருந்து பி.டி. மாஸ்டர் எழுந்தார். அவரை மேடைக்கு அழைத்து மாலை போட்டு, 'மாதிரி ஆளுமை' என்று அறிவித்து, ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள்.

"சார், ஒரு விஷயம்" என்றார் பி.டி. மாஸ்டர். அவர் முகம் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு முகமே அப்படி. "நான் ஆறு வருஷமா இந்த வேலையை விட்டு மாற்றல் கேட்டுக்கிட்டிருக்கேன். காலையில எழுந்தாலே எனக்கு வெறுப்பா இருக்கு சார். பசங்களைப் பார்த்தா மட்டும் கொஞ்சம் பரவாயில்ல."

"நகைச்சுவை உணர்வு" என்று இயக்குநர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "எழுதிக்கங்க, அதுவும் ஒரு பண்பு."

கைதட்டல் நிற்க ரொம்ப நேரமாயிற்று. பி.டி. மாஸ்டர் மாலையோடு கீழே இறங்கி வந்து கணக்கு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைசிக் கடிதம் மறுநாளே வந்துவிட்டது. உடன் ஒரு வெற்றுப் படிவம். 'நாளை காலை பத்து மணிக்குள் திருத்திய படிவம் வர வேண்டும். இல்லையேல் பதினொரு மணிக்குத் தாங்கள் கிடங்கில் இருக்க வேண்டும்.'

"எழுதிக் கொடுத்துடுங்க" என்றாள் மனைவி. "நான் ரத்தத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதறேன். இவங்க ரிப்போர்ட்டை எழுதி வச்சுக்கிட்டு அதுக்கு ஏத்த ரத்தம் கொண்டான்னு கேக்கறாங்க. இவங்ககிட்டப் போய் உங்க உண்மையைச் சொல்லி என்னங்க ஆகப்போகுது?"

"அது காப்பி."

"பிள்ளைங்களுக்காகத்தானே."

"பிள்ளைங்க அதைச் செஞ்சா நான் முட்டை போடறேன்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் கணக்கு வாத்தியார் ஆசிரியர் அறைக்குப் போனார். பலகையில் அந்த மாதிரித் தாள் பழுப்பேறி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் படிவத்தோடு அதன் எதிரில் போய் நின்றதும், வரலாறு டீச்சர் ஒன்றும் கேட்காமல் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். தேர்வு அறையில் பழகின பிள்ளைகள்தான் அவ்வளவு பக்குவமாக இடம் விடுவார்கள்.

கூட்டம் பிடிக்கும், ஆம். கோபம் வரும், இல்லை. கவலைப்படுவேன், இல்லை. பலகையைப் பார்ப்பதும் டிக் போடுவதுமாகப் போய்க்கொண்டிருந்தார். முப்பத்தாறுவரை போயிற்று.

முப்பத்தேழில் கை நின்றது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது. இன்றைக்குக் காலையில் கண்ணாடி முன்னால் அவர் எண்ணிக்கொண்டே சிரித்துப் பழகியது ஞாபகம் வந்தது. வாசல் கேட்டைப் பார்த்ததும் பஸ்ஸை விட்டு இறங்காமல் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடலாமா என்று தோன்றியது ஞாபகம் வந்தது. மணி அடித்தது. வராந்தாவின் கோடியில், பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் பெஞ்சுகளை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மனம் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததும் உண்மை.

அவர் பலகையைப் பார்க்கவில்லை. 'ஆம்' என்பதில் ஒரு டிக் போட்டார். கொஞ்சம் யோசித்தார். 'இல்லை' என்பதிலும் ஒன்று போட்டார். மீதிக் கேள்விகளைப் பார்த்து எழுதித் தலைமையாசிரியை கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்தும்போது இரண்டு நோட்டில் ஒரே கணக்கு ஒரே இடத்தில் தப்பாக இருந்தது. ஒன்று கடைசி பெஞ்சுக்காரியினுடையது. அவளே எழுந்து வந்து மேசை முன்னால் தலைகுனிந்து நின்றாள். காப்பி என்று தெரிந்தால் ஒன்றும் கேட்காமலே முட்டை போடுகிறவர், சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தத் தப்பையே பார்த்தார். பிறகு மூடிவிட்டார்.

"நாளைக்கு நீயே போட்டுக்கிட்டு வா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் அங்கே அழுதது அன்றைக்குத்தான்.

பத்து நாளில் மூன்றாவது மாடியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. நாலாயிரத்து இருநூற்றேழு ஆசிரியர்களும் ஒரே புள்ளிக்கு வந்துவிட்டார்கள், மனநிறைவு முழுமை பெற்றது, ஈருள்ளம் இல்லாத ஆசிரியர் இனி மாவட்டத்தில் இல்லை. இந்தச் சாதனைக்காக இயக்குநருக்குப் பதவி உயர்வு. சுற்றறிக்கையைப் படித்தபடி கணக்கு வாத்தியார் மழைச் சொட்டு விழாத மூலையாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டார். எதிர் மேசையில் பி.டி. மாஸ்டர் தன் ஏழாவது மாற்றல் மனுவை எழுதிக்கொண்டிருந்தார். முப்பத்தேழாம் கேள்விக்கு அந்த மாவட்டத்தில் யோசித்துப் பதில் எழுதியவர்கள் அந்த அறையில் இருந்த இந்த இரண்டு பேர்தான்.